பிரதோஷம் இருந்த முயல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கமலவேணி வீடு எது என்று யாரைக் கேட்டாலும், "விரதம் இருக்கிற அம்மாதானே?" என்றுதான் கை காட்டுவார்கள். திங்கட்கிழமை, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் பல வருஷமாக இருப்பவை. போன ஆடியிலிருந்து வெள்ளிக்கிழமையும் அதில் சேர்ந்துகொண்டது. தறி வீட்டில் பிறந்து தறி வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஐம்பதைத் தாண்டியும் ராட்டையில் உட்கார்ந்து நூலைத் தார் சுற்ற ஆரம்பித்தால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. அவள் கணவர் தேவேந்திரன் நேர்மாறு. பட்டுத்தறியில் இறங்கிவிட்டால் இழைகளுக்கு நடுவே நாடா போய்வரும் சத்தம்தான் அவர் பேச்சு. வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று சாமியே கணக்குப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று மாமியார் ஒருமுறை சொன்னாராம். கமலவேணி அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

இந்த வீட்டுக்குள் முயல் வந்த கதை ரொம்பச் சின்னது. மகள் புவனேஸ்வரி ஏனாத்தூர்க் கல்லூரியில் படித்த கடைசி வருஷம், தோழி கொடுத்தாள் என்று ஒரு வெள்ளைக் குட்டியை அட்டைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரே வாரம் வைத்துக்கொள்ளம்மா என்றாள். அதற்குள் அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. மகள் ஓசூருக்குப் போனாள், முயல் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டது. மகள் அதற்கு வைத்த பெயர் மார்ஷ்மெல்லோ. அதை ஒரு மூச்சில் சொல்லக் கமலவேணியால் முடியவில்லை. வந்தது திங்கட்கிழமை, சோமவாரம் என்பதால் சோமு என்று மாற்றிவிட்டாள். ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்கவில்லை. நல்ல வேளையாக ஆண்தான்.

தேவேந்திரன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தறிப் பக்கம் அது வரக் கூடாது. பட்டு நூலைக் கடித்தால் தறியில் கட்டிய பாவும் போச்சு, அதன் வயிறும் போச்சு என்று சொல்லி, பழைய பலகைகளை வைத்துக் கூடத்தின் மூலையில் ஒரு தடுப்பு அடித்துக் கொடுத்தார். அந்த மூலைதான் சோமுவின் ராஜ்ஜியம். முதலில் நாலு நாள் கமலவேணி முணுமுணுத்தாள். அப்புறம் பார்த்தால், கீரை ஆய உட்காரும்போதெல்லாம் தடுப்பை ஒட்டியே உட்கார ஆரம்பித்தாள். நல்ல இலையெல்லாம் சோமுவுக்கு, காம்பு குழம்புக்கு என்று ஆகிவிட்டது.

காலையில் ஒரு கூடை அருகம்புல்லை அவன் முன்னால் வைப்பாள். அது போகக் கீரை, கொத்தமல்லி, தோசை ஓரம், சப்பாத்தித் துண்டு, வாழைப்பழம் என்று அடுப்படியிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் பார்த்தால் புல்லுக்கூடை வைத்தது வைத்தபடி நிறைந்திருக்கும். அதைத் தெருவில் போகும் மாட்டுக்குக் கொட்டிவிடுவாள். மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்று அவளுக்கு அதில் திருப்திதான். முயலுக்கு வைத்த புல்லைத் தினமும் மாடு தின்கிறதே என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பிரதோஷத்தன்று அந்த வீட்டில் சாயங்காலம் வரை அடுப்பு எரியாது. தேவேந்திரன் காலையில் கடை இட்லியோடு தறியில் இறங்கிவிடுவார். அடுப்படியில் காய் நறுக்கல், கீரை ஆய்தல் எதுவும் கிடையாது. அப்படி ஒரு பிரதோஷத்தன்று கமலவேணி கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி, பிரசாத வாழைப்பழத்தை உரித்து விரதத்தை முடித்தாள். அப்போதுதான் மூலையைப் பார்த்தாள். காலையில் வைத்த புல்லில் ஒரு நுனிகூடக் குறையவில்லை. பழத்தில் ஒரு துண்டு நீட்டினாள். சோமு பாய்ந்து வந்து விழுங்கினான். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுத்த பிரதோஷத்திலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த பிரதோஷத்திலும் அப்படியேதான். இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவளோடு சேர்ந்து முயலும் பிரதோஷ விரதம் இருக்கிறது!

விஷயத்தை எதிர்வீட்டு இந்திராணியிடம் மட்டும் சொன்னாள். இந்திராணியிடம் மட்டும் சொல்வது என்றால் தெருவுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டது மாதிரி. நம்பாதவர்கள் வாயை அடைக்க இந்திராணி ஒரு நியாயமும் தயாராக வைத்திருந்தாள்.

"கச்சபேஸ்வரர் கோயில்ல ஆமையே சிவனைப் பூஜை பண்ணியிருக்குது. அந்த ஊர்ல பொறந்த முயல் ஒரு வேளை பட்டினி இருக்கக் கூடாதா?"

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதற்கு எதிர்வாதம் செய்ய யாரால் முடியும்? தேவேந்திரன்கூட நாடாவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் மறுபடியும் நெய்தார்.

அன்றிலிருந்து சோமு எது செய்தாலும் அது பக்திதான். முதுகைக் குவித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் தியானம். பல்லைக் கறகறவென்று அரைத்தால் ஜபம். கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டால் ஐந்தெழுத்து தெளிவாகக் கேட்கிறது என்று இந்திராணி சத்தியம் செய்தாள். தாடைக்குக் கீழே எப்போதும் ரோமம் நனைந்து ஒட்டிக் கிடந்தது. உள்ளம் உருகினால் உடம்பும் உருகத்தானே செய்யும் என்று கமலவேணி முந்தானையால் துடைத்துவிடுவாள். பக்தியில் ஜொள்ளு ஊறுமா என்று தேவேந்திரன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை.

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கோயிலிலிருந்து நேராகச் சோமுவைப் பார்க்க வரும் பெண்கள் கூட்டம் பெருகியது. புவனேஸ்வரிக்கு வீடியோ போனது. வாலாஜாபாத்திலிருந்துகூட ஒரு அம்மாள் பஸ் பிடித்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் அவள் வயிற்றைக் காயப்போட்டதற்கு யாரும் பெரிதாக எதுவும் சொன்னதில்லை. இப்போது கோயிலில் அவளுக்கு முன்வரிசை விட்டார்கள்.

வந்தவர்களுக்குக் கொடுக்கத் தட்டை, முறுக்கு வாங்கி வைத்திருப்பாள். தட்டை என்றால் ஒரு காலத்தில் அவளுக்கு உயிர். தேவேந்திரன் வாராவாரம் ராஜவீதியிலிருந்து அவளுக்காகவே வாங்கி வருவார். இப்போதெல்லாம் அதை அவள் தொடுவதில்லை. தொட்டாலும் டீயில் ஊறப்போட்டுத்தான். இட்லியைக்கூடச் சாம்பாரில் கரைத்துக்கொண்டாள். விரத வயிறு, மெத்தென்று இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும் என்று காரணமும் சொல்லிக்கொண்டாள்.

அப்படியே போயிருக்கும். சனிப் பிரதோஷம் வந்தது.

அன்று காலையில் மூலையைப் பெருக்கும்போது துடைப்பத்தில் ஒன்றும் வரவில்லை. சோமுவின் புழுக்கை உருண்டை உருண்டையாகக் கொண்டைக்கடலை மாதிரி இருக்கும். சில நாளாக அது சுருங்கிச் சுருங்கி மிளகளவுக்கு வந்திருந்தது. அன்று அதுவும் இல்லை. உள்ளே ஒன்றும் போகாதபோது வெளியே எப்படி வரும் என்று சொல்லிக்கொண்டு துடைப்பத்தை வைத்துவிட்டாள். ஆனால் போன பிரதோஷத்திலும் அவன் பட்டினிதானே? அன்றைக்குப் புழுக்கை இருந்ததே? அந்த நினைப்பை அவள் தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது. கோயிலில் நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது எல்லோரும் கை கூப்பி நிற்க, இவள் மனசு மட்டும் வீட்டு மூலையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்தால் கூடம் நிறைய ஆள். இந்திராணி கற்பூரத் தட்டோடு தயாராக நின்றாள். கமலவேணி பழத்தை உரித்துச் சோமுவுக்கு நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாள். மறுபடியும் திருப்பிக்கொண்டான். சனிப் பிரதோஷம் இல்லையா, விடியும் வரைக்கும் இருக்கப் போகிறான் போலிருக்கிறது என்றாள் இந்திராணி. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கமலவேணிக்கும் அதை நம்பத்தான் ஆசை. கொஞ்ச நேரம் நம்பவும் செய்தாள். அப்புறம் குனிந்து அவனைத் தூக்கினாள். தூக்கினால் பின்னங்காலால் உதைத்துப் புடவையைக் கிழிப்பவன், அன்று துணிமூட்டை மாதிரி வந்தான். காது இரண்டும் சில்லிட்டிருந்தன. வயிறு உப்பி இறுகிக் கிடந்தது. நெஞ்சோடு அணைத்தபோது அந்தக் கறகற சத்தம் அவள் எலும்பிலேயே கேட்டது. அது ஜபம் இல்லை. வலியைப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பொறுத்துக்கொள்ளும் சத்தம் அது. அதைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து அவள் சொன்னாள். "விரதமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. இவனுக்கு உடம்பு சரியில்ல. நான்தான் தெரியாம சொல்லிக்கினு இருந்தேன்."

இந்திராணி கற்பூரத்தை ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கமலவேணிக்கு முகமெல்லாம் எரிந்தது. திரும்பிப் பார்த்தால், தேவேந்திரன் எப்போது தறியை விட்டு எழுந்தாரோ, சட்டை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார்.

ஏனாத்தூர் போகும் சாலையில் ஸ்ரேயா என்ற பெண் டாக்டர் ஒருத்தி நாய், பூனை, கிளி என்று எல்லாவற்றையும் பார்க்கிறாள். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பத்துப் பெண், அப்பா விவசாயி. சோமுவை மேஜைமேல் வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தபடியே, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டாள். நேற்று என்று ஆரம்பித்தாள் கமலவேணி. அப்புறம் அணை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. பிரதோஷம், புல்லுக்கூடை, தியானம், ஜபம், வாலாஜாபாத் அம்மாள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். ஸ்ரேயா சிரிப்பாள் என்று பயந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்லயும் உபவாசம் உண்டும்மா. எங்க பெரியம்மா தண்ணிகூட குடிக்காம இருப்பாங்க. ஆனா முயல் இருக்காது. அதுக்கு குடல் அசைஞ்சிக்கினே இருக்கணும், நின்னா உயிருக்கு ஆபத்து. ஆபரேஷன் பண்றதுன்னாகூட முயலை நாங்க வெறும் வயித்துல வைக்க மாட்டோம்."

அப்புறம் சின்ன விளக்கை வைத்து அவன் வாய்க்குள் பார்த்தாள். முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் அது தேயும். சப்பாத்தியும் பழமும் தின்று வளர்ந்தவனுக்கு அரைக்க என்ன இருக்கிறது? கடைவாய்ப் பற்கள் கோணலாக முளைத்து, முள் மாதிரி நாக்கைக் குத்திக் கிழித்திருந்தன. புல்லை மென்றால் வலி. அதனால் மெத்தென்று எது வந்ததோ அதை மட்டும் தின்று காலம் தள்ளியிருக்கிறான். பிரதோஷத்தன்று அடுப்படி மூடியதும் அதுவும் இல்லை. நாலு நாள் பட்டினி கிடந்தாலும் புல்லைத் தொட அவனுக்குத் தைரியம் கிடையாது. நனைந்த தாடை, வாய்ப்புண்ணில் வடிந்த எச்சில். குவிந்த முதுகு, வயிற்று வலி. பக்தி ஒவ்வொன்றாகக் கழன்று விழ, கமலவேணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடினமானதை ஒதுக்கிவிட்டு மெத்தென்று இருப்பதை மட்டும் தின்ன ஆரம்பித்தாலே வாயில் வலி என்று அர்த்தம், அப்போதே வந்திருக்க வேண்டும் என்றாள் ஸ்ரேயா. கமலவேணியின் கை தானாகத் தன் வலது தாடைக்குப் போனது.

வலி குறைய ஒரு ஊசியும், நின்றுபோன குடல் அசைய ஒரு ஊசியும் போட்டார்கள். கீரையை மை மாதிரி அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னாள் டாக்டர். உடம்பு சூடாக இருக்க வேண்டும். விடிவதற்குள் புழுக்கை போட்டால் பிழைத்துக்கொள்வான், அப்புறம் கோணிய பல்லை ராவித் தேய்த்துவிடலாம். போடாவிட்டால்? அதை ஸ்ரேயா சொல்லவில்லை. கமலவேணி சிரிஞ்சை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தேவேந்திரன் வழக்கம்போலப் பேசாமல் ஓட்டினார். தெருமுனை வந்ததும் வண்டியை நிறுத்தினார். திரும்பாமலே பேசினார்.

"நீயும் ஆடியிலருந்து ஒரு பக்கமாத்தான் மெல்ற. தூக்கத்துல பல்லைக் கடிக்கிற. வெள்ளிக்கிழமை விரதம் எதுக்குனு எனக்குத் தெரியும் வேணி. சொன்னா கத்துவனு சும்மா இருந்துக்கினு இருந்தேன். அது என் தப்பு."

கத்தியிருப்பாள்தான். கீழ்வாயின் வலப்பக்கத்துப் பல் அவளை மாதக்கணக்கில் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. பல் டாக்டர் என்றாலே அவளுக்கு அப்படி ஒரு பயம். சாப்பிடாமல் இருந்துவிட்டால் வலி இல்லை. சாப்பிடாமல் இருப்பதற்கு அம்மன் பெயரைச் சொன்னால் கேள்வியும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் ஆளே இல்லை என்று நினைத்திருந்தாள். இந்த மனுஷன் தறியில் குனிந்தபடியே அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டிக்குள் கையை விட்டுச் சோமுவின் காதைத் தேய்த்துச் சூடாக்கியபடி, சத்தம் வராமல் அழுதாள்.

வீட்டில் பிரசாதப் பழம் தட்டிலேயே கறுத்துக் கிடந்தது. அதை இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவள் அரைத்துக் கொடுக்க, அவர் பிடித்துக்கொள்ள, மாற்றி மாற்றிப் புகட்டினார்கள். தறிப் பக்கம் வரக் கூடாது என்று பலகை அடித்த மனுஷன், தறியில் நெய்த புடவைக்கு மேல் போர்த்தும் வெள்ளைத் துணியை எடுத்து வந்து அவனைச் சுற்றினார்.

விடிந்து, தெருவில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்ட நேரத்தில் கமலவேணி துணியை விலக்கிப் பார்த்தாள். சின்னதாக, கோணலாக, கறுப்பாக நாலைந்து உருண்டைகள். அவள் போட்ட கூச்சலில் இந்திராணி கோலமாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். போட்டுவிட்டான், போட்டுவிட்டான் என்று கமலவேணி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஓசூருக்கும் போட்டோ போனது. பிரதோஷ வீடியோவுக்கு வராத அழுகை புவனேஸ்வரிக்கு இதற்கு வந்தது.

அந்த வாரமே சோமுவுக்கு மயக்கம் கொடுத்துப் பல்லை ராவினார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் அருகம்புல்லை முகர்ந்தான். ஒன்றைக் கடித்தான், நிறுத்தினான், அப்புறம் இன்னொன்றைக் கடித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கமலவேணி, வெளியே வந்ததும் சோமுவின் பெட்டியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேராகப் பல் டாக்டரிடம் விடுங்கள் என்றாள். எனக்கும் இப்படி மயக்கம் கொடுப்பார்களா என்று மட்டும் வழியில் கேட்டாள். முயல் அளவுக்கு உனக்குத் தேவைப்படாது என்றார் தேவேந்திரன்.

இப்போது அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் முயல் இருந்தாலும் கமலவேணி விடுவதில்லை. தூக்கிப் பார்ப்பாள். காதுக்குள் பொருக்கு இருக்கிறதா, மூக்கு ஒழுகி முன்னங்கால் ரோமம் ஒட்டியிருக்கிறதா, கம்பிக் கூண்டில் நின்று உள்ளங்கால் புண்ணாகியிருக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் புழுக்கையைக் காட்டச் சொல்வாள். ஏதாவது சரியில்லை என்றால் ஸ்ரேயாவிடம் போகும்வரை வாசலை விட்டு நகர மாட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த வாயை நிறுத்தவே சிலர் கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டுவிட்டாள். காமாட்சியம்மன் சந்நிதியில் போய் நின்று, அது உனக்காக இருந்தது இல்லை தாயே, என் பல்லுக்காக இருந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் விட்டாளாம். பிரதோஷம் மட்டும் இன்னும் உண்டு. போன பிரதோஷத்தன்று இந்திராணி எட்டிப் பார்த்தபோது, சோமு கூடைக்குள் தலையை விட்டுப் புல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தான். ஜபம் போச்சா என்று கேட்டாள். இதுதான்மா ஜபம் என்றாள் கமலவேணி.

அன்று சாயங்காலம் கோயிலிலிருந்து வந்து பழத்தைச் சாப்பிட்டு விரதத்தை முடித்துக்கொண்டு, தேவேந்திரன் வாங்கி வந்த தட்டைப் பொட்டலத்தைப் பிரித்தாள். டீயைத் தள்ளி வைத்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். தறியில் நாடா நின்றது.

"எந்தப் பக்கம் வேணி?"

அவள் மென்று முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ரெண்டு பக்கமும்தாங்க" என்றாள்.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்து, பொட்டலத்திலிருந்து இன்னொரு தட்டையை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போய் நெய்ய உட்கார்ந்தார்.